காத்திருந்த கம்பெனிகள்

நாற்சந்தியில் கட்டடத்தின் மறைவிலிருந்து விரைந்து வரும் வண்டியை எத்தகைய கூரிய கண்ணும் காண இயலாது. ஆனால் ஒவ்வொரு மோட்டாரும் தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை ரேடியோ அலை மூலம் விநாடிக்கு 10 தடவை அறிவித்துச் சென்றால், எதிர்ப்படும் மோட்டார்கள் அபாயத்தை முன்னதாக உணர்ந்து ஓட்டுபவரை எச்சரிக்கக் கூடும். சாலையோரக் கருவிகளும் கைகாட்டி விளக்கின் நிலையை இவ்வாறே தெரிவிக்கும்.

இதன்பொருட்டு அமெரிக்க சர்க்கார் 1999-ல் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கிற்று. விளைந்த பலன் சொற்பமே. பிறரிடம் டெலிபோன் இல்லாத ஊரில் ஒருவர் மட்டும் அதை வைத்திருந்து யாது பிரயோஜனம்? ஆகவே, பிறர் முந்தட்டும் என்று கம்பெனிகள் காத்திருந்தன. புது மோட்டார்களில் இக்கருவியைக் கட்டாயமாக்க 2017-ல் வெளிவந்த நகல் விதி, 2023-ல் வாபஸாயிற்று. இதனிடையே, பெரும்பாலும் சும்மா கிடந்த அலைவரிசையில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்கு விட 2020-ல் தீர்மானித்தனர். எஞ்சிய 30-க்குப் புதிய விதிகள் 2024-ல் ஏற்பட்டன. கட்டாயம் மட்டும் ஏற்படவில்லை.

கட்டாயம் கூடாதென்பார் உளர். மோட்டார்களில் ஸீட் பெல்ட் பொருத்துவதை 1968-ல் கட்டாயமாக்கிய தேசமன்றோ அது! 2022-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 42,000-க்கு மேற்பட்டோர். எல்லோரும் கைக்கொண்டாலன்றிப் பயன்தராத காரியத்தை அவரவர் விருப்பத்திற்கு விடுவது, அதைக் கைவிடுவதற்கே ஒப்பாகும்.