வீட்டு பீருக்கு எந்தத் துடுப்பு? மரமா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் சனிக்கிழமை காலை. கராஜில் கேஸ் அடுப்பு எரிகிறது. பக்கத்தில் பெரிய கூலர் பெட்டி, தெர்மாமீட்டர், 5 கிலோ உடைத்த பார்லி மால்ட். வீட்டிலேயே பீர் தயாரிக்கும் முதல் முயற்சி. வெந்நீரை ஊற்றி, மால்ட்டையும் கொட்டியாச்சு. கிண்டுவதற்கு? அவசரத்துக்குச் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி!

அடுத்த இரண்டு நிமிடங்களில் கரண்டியின் காம்பு வளைகிறது, விரலில் சூடு படுகிறது, அடியில் இருக்கும் மாவு அசைய மறுக்கிறது. ஒரு நாள் உழைப்பு, 19 லிட்டர் பீர், எல்லாமே அந்தக் கரண்டியை நம்பி நிற்கிறது.

“கிண்டுற கரண்டியில என்னங்க பெரிய விஷயம் இருக்கு?” என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் இருக்கிறது. பார்த்துவிடலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் பீர் தயாரிப்பதற்கு இருந்த கட்டுப்பாட்டை பிரிட்டன் 1963-ல் தளர்த்தியது. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. மத்திய சட்டப்படி, வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் (சுமார் 378 லிட்டர்), இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் தயாரிக்கலாம். விற்கக் கூடாது.

தமிழ்நாட்டில் கதையே வேறு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி அனுமதி இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே, இங்கே சொல்லும் செய்முறை சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இதை ஒரு கிச்சன் அறிவியலாகப் படிக்கலாம்.

கிண்டுவது எதற்காக?

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. அதைக் குருணையாக உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதுதான் ‘மேஷ்’. பார்லிக்குள் இருக்கும் மாவுச்சத்து, இந்த ஒரு மணி நேரத்தில்தான் சர்க்கரையாக மாறுகிறது. பிறகு அந்த இனிப்பு நீரை வடிகட்டி, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்ப்பார்கள். சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிட்டால்தான் பீர்.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் வேலையை இரண்டு நொதிகள் பார்க்கின்றன. பீட்டா அமைலேஸுக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் பிடிக்கும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். இரண்டும் சேர்ந்து வேலை செய்யட்டும் என்றுதான் பெரும்பாலானோர் 65 முதல் 68 டிகிரிக்குள் நிறுத்துகிறார்கள். இரண்டு மூன்று டிகிரி மாறினாலே பீரின் குணம் மாறும். சூடு குறைந்தால் பீர் இனிப்பில்லாமல் லேசாக இருக்கும். கூடினால் கனமாக, கொஞ்சம் இனிப்போடு இருக்கும்.

சரியாகக் கிண்டாவிட்டால் என்ன ஆகும்? ஒரே பாத்திரத்தில் ஒரு மூலையில் 72 டிகிரி, இன்னொரு மூலையில் 60 டிகிரி என்று இருக்கும். அதைவிடப் பெரிய தலைவலி, கட்டி தட்டுவது.

கேழ்வரகுக் களி கிண்டிய அனுபவம் இருந்தால் இது உடனே புரியும். கட்டியின் வெளிப்பக்கம் வெந்து பசைபோல மூடிக்கொள்ளும். உடைத்துப் பார்த்தால் உள்ளே உலர்ந்த பச்சை மாவு. மேஷிலும் அதேதான். தண்ணீர் படாத மாவு சர்க்கரையாக மாறாது. காசு கொடுத்து வாங்கிய மால்ட்டின் ஒரு பங்கு, சக்கையோடு குப்பைக்குப் போய்விடும்.

ஆக, நமக்குத் தேவை இரண்டே வேலைகள்: கட்டியை உடைக்க வேண்டும், சூட்டைச் சமமாகப் பரப்ப வேண்டும். எந்தத் துடுப்பை வாங்கலாம் என்பதற்கு இதுதான் அளவுகோல்.

துளை எதற்கு?

மேஷ் கிண்டுவதற்கென்றே விற்கும் துடுப்புகளில் வட்டத் துளைகளோ நீளப் பிளவுகளோ இருக்கும். இது அழகுக்கு இல்லை. 5 கிலோ மால்ட்டுக்குச் சுமார் 13 முதல் 15 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் கெட்டியான கஞ்சி போல இருக்கும். துளையில்லாத பலகையால் அதைத் தள்ளினால் மொத்தக் கனமும் கையில் இறங்கும். துளை இருந்தால் கஞ்சி அதன் வழியாகப் புகுந்து போகும், கைக்குப் பாரம் குறையும். அப்படிப் புகும்போது துளையின் விளிம்பில் பட்டுக் கட்டிகளும் உடையும்.

நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு: பாத்திரத்தின் உயரம், அதோடு 15 முதல் 20 சென்டிமீட்டர். 45 சென்டிமீட்டர் உயரமுள்ள கூலருக்கு 60 முதல் 65 சென்டிமீட்டர் துடுப்பு போதும். குட்டையாக இருந்தால் கை ஆவிக்குள் போகும். மேஷ் பசைபோல ஒட்டும், 67 டிகிரியில் தோலில் பட்டால் நன்றாகவே சுடும்.

மரமா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?

மரம்: கைக்குச் சூடு ஏறாது, பாத்திரத்தைக் கீறாது, வளையாது. மேப்பிள், பீச் போன்ற கடின மரங்கள் நல்லவை. பைன் மரத்தில் பிசின் வாசனை வரும். வார்னிஷ் அடித்ததும், பசை வைத்து ஒட்டிய பிளைவுட்டும் வேண்டாம். பயன்படுத்தியவுடன் வெந்நீரில் கழுவி, நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். டிஷ்வாஷரில் போட்டால் பிளந்துவிடும். பூஞ்சை பிடித்துக் கறுத்துப் போனால், யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஸ்டீல்: ஆயுள் அதிகம், எதையும் உறிஞ்சாது, கழுவுவது சுலபம். வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, கைப்பிடி குழாயாக இருந்தால் அதன் முனை மூடியிருக்கிறதா? இல்லையென்றால் உள்ளே போகும் இனிப்பு நீர் அங்கேயே புளித்து நாறும். இரண்டு, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா? இருந்தால் பிளாஸ்டிக் கூலரின் உட்புறத்தைக் கீறும். மால்ட்டைத் துணிப்பையில் போட்டு ஊறவைக்கும் முறை ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து பரவியது. அந்த முறையில் செய்பவர்களுக்குக் கூர்மையான விளிம்பு இன்னும் ஆபத்து, பை கிழிந்துவிடும்.

பிளாஸ்டிக்: விலை குறைவு. மேஷின் சூட்டில் உருகாது, ஆனால் இளகி வளையும். சிறிய அளவில் செய்பவர்களுக்குப் போதும். 5 கிலோ மால்ட் என்றால் கை வலிக்கும். உணவுத் தரம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எரியும் அடுப்பின் மேலிருக்கும் பாத்திரத்திலேயே அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சிலர் பெரிய விஸ்க்கைப் பயன்படுத்துகிறார்கள். கட்டி உடைக்க அருமையான கருவி, நீளம்தான் பிரச்னை. டிரில் மெஷினில் பெயின்ட் கலக்கும் கம்பியை மாட்டிச் சுற்றுபவர்களும் உண்டு. வேகம் கூடினால் பார்லியின் உமி நொறுங்கிவிடும். வடிகட்டும்போது இயற்கையான சல்லடையாக இருப்பதே அந்த உமிதான். அது தூளானால் வடிகால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

மரத்தில் கிருமி இருக்காதா?

இதுதான் பலருக்கும் வரும் சந்தேகம். பதில்: இருக்கும். ஆனால், மேஷ் செய்யும்போது அது பிரச்னை இல்லை.

ஏனென்றால் பார்லியின் உமியிலேயே லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஏராளம். மேஷ் முடிந்ததும் வடித்த நீரை எப்படியும் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கப் போகிறோம். மரத் துடுப்பிலிருந்து வந்த கிருமியும் அதிலேயே செத்துவிடும்.

கொதித்து ஆறிய பிறகு நிலைமை தலைகீழ். அது இனிப்பான, இளஞ்சூடான, கிருமிகளுக்கு விருந்தான நீர். அதில் மரத் துடுப்பை விடவே கூடாது. மரத்தின் நுண்துளைகளில் உயிர்கள் எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு நார்வே நல்ல உதாரணம். அந்நாட்டின் மேற்குப் பகுதி விவசாயக் குடும்பங்கள் தங்கள் ‘க்வெய்க்’ ஈஸ்ட்டை மர வளையங்களில் தோய்த்து, காயவைத்து, அடுத்த முறை பீர் காய்ச்சும்வரை பாதுகாத்து வந்தன. வேண்டிய ஈஸ்ட் அப்படித் தங்கும் என்றால், வேண்டாத கிருமியும் தங்கும் இல்லையா?

ஆகவே ஒரே விதி: கொதிக்கும் முன் எந்தச் சுத்தமான துடுப்பும் சரி. கொதித்த பின், கிருமிநீக்கம் செய்த ஸ்டீல் அல்லது கீறல் இல்லாத பிளாஸ்டிக் மட்டும்.

எப்படிக் கிண்டுவது?

நல்ல துடுப்பு கையில் இருந்தாலும், மால்ட்டை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டத்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே கிண்டுங்கள். கூட ஒருவர் இருந்தால் வேலை பாதி. வட்டமாகச் சுற்றுவதைவிட, அடியிலிருந்து மேலே கோரி எடுப்பது நல்லது. கண்ணில் படும் கட்டியைப் பாத்திரத்தின் சுவரில் வைத்து அழுத்துங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும்.

பிறகு மூன்று நான்கு இடங்களில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் மூடியைப் போட்டுவிடலாம். ஆர்வத்தில் அடிக்கடி திறந்து கிண்டினால், பிடித்துவைத்த சூடு போய்விடும்.

சரி, கடைசியில் எதை வாங்குவது?

பிளாஸ்டிக் கூலரோ துணிப்பையோ பயன்படுத்தினால், துளையுள்ள கடின மரத் துடுப்பு. மேஷும் கொதிக்கவைப்பதும் ஒரே ஸ்டீல் பாத்திரத்தில் என்றால், ஸ்டீல் துடுப்பு. முதல்முறை முயற்சி செய்து பார்ப்பவர் என்றால், உறுதியான நீளமான பிளாஸ்டிக் கரண்டியே போதும். எதை வாங்கினாலும், ஆறிய பிறகு பயன்படுத்தத் தனியாக ஒரு ஸ்டீல் கரண்டி இருக்கட்டும். மேஷ் துடுப்பு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று: வீட்டில் செய்தது என்பதால் ஆல்கஹாலின் கெடுதல் குறைந்துவிடாது. கடையில் வாங்கினாலும் கராஜில் காய்ச்சினாலும் கல்லீரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.