தென்னை ஏறும் தொழிலுக்கு ஈடு ஏது?

செயற்கை நுண்ணறிவு வந்தால் எந்த வேலை போகும், எந்த வேலை நிலைக்கும் என்ற பேச்சு இன்று கிராமங்களிலும் அடிபடுகிறது. கணக்கு எழுதுதல், கடிதம் தயாரித்தல் போன்ற மேசை வேலைகளில் கணினி வேகமாகப் புகுந்து வருகிறது. ஆனால், தென்னை ஏறும் தொழிலாளியின் இடத்தை அது எளிதில் பிடித்துவிட இயலாது. இதன் காரணத்தைத் தென்னை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது.

கணினியால் ஆவது

ஓலையைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் பூச்சி, நோய்களை இனங்கண்டு சொல்லும் செயலிகள் வந்துள்ளன. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ போல, ஓலையில் வெளிப்படையாகத் தெரியும் பூச்சிகளுக்கு இவை உதவும்.

கையால் மட்டுமே ஆவது

காண்டாமிருக வண்டு குருத்தின் அடியைத் துளைத்து உள்ளே பதுங்கும். மட்டைக்கும் பன்னாடைக்கும் இடையே மறைந்துள்ள துளை, ட்ரோன் எடுக்கும் படத்தில் தெரிவது அரிது. குருத்து விரிந்த பிறகே ஓலையில் முக்கோண வெட்டுகள் தெரியும். அதற்குள் சேதம் நேர்ந்துவிடும். மரமேறுபவரோ துளை வாயில் மென்று தள்ளிய நாரைக் கண்டதும், கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்துவிடுகிறார். இளநீருக்கு 7 மாதக் காய், கொப்பரைக்கு 12 மாதக் காய் என்று குலை பார்த்து வெட்டுபவரும் அவரே.

மரமேறும் இயந்திரங்களைப் பொறியாளர்கள் உருவாக்கி வருகின்றனர். எனினும், எல்லா மரமும் ஒரே பருமனில் நேராக நிற்பதில்லை, மழையில் வழுக்கும். மட்டையை விலக்கி, குரும்பை உதிராமல் அடுத்த குலையை எட்டுவது கைக்கு எளிது, இயந்திரத்திற்குக் கடினம். ஏக்கருக்கு 70 மரம் வைத்துள்ள சிறு விவசாயிக்கு அத்தகைய இயந்திரம் கட்டுபடியாவதும் கடினமே.

உண்மையான கவலை

இத்தொழிலுக்கு ஆபத்து கணினியால் அன்று, ஆள் பற்றாக்குறையால்தான். விழுந்தால் குடும்பமே நிலைகுலையும் என்பதால் இளைஞர்கள் இதற்கு வரத் தயங்குகின்றனர். ஆள் கிடைக்காத இடங்களில் மூங்கில் கழியில் அரிவாள் கட்டிக் காய் பறிக்கப்படுகிறது. காய் இறங்கிவிடும், ஆனால் கொண்டையைப் பார்ப்பார் இல்லை. வண்டும் அழுகலும் முற்றிய பிறகே தெரியவருகின்றன.

இக்குறையைப் போக்கத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. இதில் மரமேறும் கருவியைப் பயன்படுத்தக் கற்றுத்தரப்பட்டது. மரமேறுவோருக்கென விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் ஏற்படுத்தப்பட்டது.

விவசாயிகள் கவனத்திற்கு

1. 45 நாட்களுக்கு ஒரு முறை காய் பறிக்கும்போதே கொண்டையையும் சுத்தம் செய்யச் சொல்லி, அதற்குத் தனிக் கூலி தர வேண்டும்.

2. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரு பங்கு கலந்து, மரத்திற்கு 150 கிராம் வீதம், உட்புறமுள்ள 3 மட்டைகளின் அடியில் 3 மாதத்திற்கு ஒரு முறை இடச் செய்யலாம்.

3. அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒருவரை ஆண்டு முழுவதற்கும் அமர்த்திக்கொண்டால் அவருக்கும் நிலையான வருமானம் கிடைக்கும்.

4. ஈர மரத்தில் ஏறச் சொல்லக் கூடாது. பாதுகாப்புப் பட்டையும் காப்பீடும் உள்ளனவா என்று கேட்டறிய வேண்டும்.

5. சந்தேகமான குருத்தை மரத்தின் மேலிருந்தே கைபேசியில் படம் எடுத்துவரச் செய்து, வேளாண்மை அலுவலரிடம் காட்டலாம். செயலியின் கணிப்பையும் அவரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மேலே ஏறிப் பார்க்க ஆள் இருந்தால்தான் கணினியின் அறிவும் தோப்புக்குப் பயன்படும்.