விளிம்பில் நிற்கும்போது

மலைகளின் இளவரசி என்று போற்றப்படும் கோடைக்கானலைக் காண விரும்பாத மாணவியர் நம்மில் யாரும் இரார். பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இறைவன் தீட்டிய எழிலோவியம் அது. ஏரியின் அழகைப் பற்றி எழுதுவோர் பலர் உண்டு. நாம் இங்கே எழுத விரும்புவது அங்குள்ள பாறை விளிம்புகளைப் பற்றி.

கல்விச் சுற்றுலாவின்போது ஒரு பிற்பகலில் தூண் பாறைகளின் எதிரே நின்றிருந்தோம். வீசிய காற்றில் எங்கள் தோழி ஒருத்தியின் சால்வை பறந்து, கம்பித் தடுப்புக்கு வெளியே ஒரு புதரில் சிக்கியது. கை எட்டும் தூரந்தானே என்று அவள் கம்பியின் மேல் குனிந்தாள். மறுகணம் அவளுடைய இரு பாதங்களும் தரையை விட்டு எழும்பின. அருகில் நின்ற சிஸ்டர் அவளது சடையையும் இடுப்பையும் ஒருசேரப் பற்றி இழுத்தார்கள். சடை வலித்தது என்று அவள் அழுதாள். நாங்கள் வேறு காரணத்திற்காக அழுதோம்.

எப்படி நேர்ந்தது இது? நம் உடலின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளின் உயரத்தில் அமைந்துள்ளது. தடுப்பு அதற்குத் தாழ்வாக இருந்து, நாம் முன்னோக்கிக் குனிந்தால், உடலின் பெரும் பாரம் வெளிப்புறம் சென்றுவிடும். அப்போது கம்பியே அச்சாகிவிட, நாம் கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போல் சாய்ந்துவிடுவோம். காப்பதற்கென வைத்த கம்பியே கவிழ்ப்பதற்கும் துணையாகிவிடுகிறது.

தூண் பாறைகளின் உயரம் சுமார் 122 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பொருள் 5 விநாடியில் தரையை அடையும்; காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால் அப்போது அதன் வேகம் மணிக்கு 176 கிலோமீட்டர். இது பௌதிக வகுப்பில் நாம் போடும் கணக்குத்தான். வெறும் 5 மீட்டர் உயரமே ஆனாலும் ஒரே விநாடியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் வந்துவிடுகிறது. எதையாவது பற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்குக்கூட அந்த ஒரு விநாடி போதாது.

இம்மலை சார்னோகைட் என்னும் கடினமான பாறையால் ஆனது. புனித தோமையாரின் நினைவைப் போற்றும் சென்னைப் பரங்கிமலையும் இவ்வகைப் பாறையே. கடினமானதாயினும் அதில் செங்குத்தான வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றில் இறங்கி யுகயுகமாய் அரித்ததால்தான் தூண்கள் தனித்து நிற்கின்றன. நாம் நிற்கும் பக்கத்திலும் அதே வெடிப்புகள் இருக்கலாம் அல்லவா? அவற்றின் மேல் புல்லும் சருகும் மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாசி படிந்த ஈரப்பாறையில் ரப்பர் செருப்பு நிற்காது. மூடுபனியோ இன்னும் பொல்லாதது. அது பள்ளத்தை மறைக்கும்போது நம் அச்சத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

தூண் பாறைகளுக்கு அருகிலுள்ள குகைப் பகுதி இதற்குச் சான்று. சாத்தானின் சமையலறை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட அவ்விடம், 1991-ஆம் ஆண்டு வெளிவந்த 'குணா' திரைப்படத்திற்குப் பின் குணா குகை ஆயிற்று. 2006-ஆம் ஆண்டு கேரளத்தின் மஞ்ஞும்மல் என்னும் ஊரிலிருந்து வந்த நண்பர்களுள் ஒருவர் அங்குள்ள ஆழமான பிளவுக்குள் விழுந்துவிட்டார். அவருடைய நண்பர் ஒருவரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இருளுக்குள் இறங்கி அவரை உயிருடன் மீட்டார். 2024-இல் இந்நிகழ்ச்சி மலையாளத் திரைப்படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அதே குழியை எட்டிப் பார்க்க ஆசைப்படுவோரை என்னென்பது!

புகைப்படம் எடுக்கும்போது பின்னோக்கி நடப்பதை நாம் அறவே விட வேண்டும். குரங்கு பையைப் பறித்தால் பை போகட்டும். எவரேனும் விழுந்துவிட்டால் விளிம்புக்கு ஓடலாகாது. அங்குள்ள மண் இளகியிருக்கும். விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு 112 அல்லது 108 எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சேலைகளை முடிந்து கயிறாக்கி இறங்குவது கதைகளுக்கே பொருந்தும்.

பேருந்து புறப்படுமுன் சிஸ்டர் எங்களை இருமுறை எண்ணினார்கள். சால்வையைப் புதரிலேயே விட்டு வந்தோம்.