தாய்வழிச் சீதனம்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மருத்துவக் கட்டுரை எதுக்குன்னு கேட்காதீர்கள். என் தாய்மாமாவுக்கு 22 வயதில் இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிப்போச்சு. 'லீபர்' என்னும் பரம்பரைப் பார்வை நரம்பு நோய். இப்போது என் அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். ஊரில் ஆளுக்கொரு பேச்சு. விஷயம் தெரிந்து பேசுவோமே!

நம் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் பவர் ஹவுஸ்தான் மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று தனியாக 37 ஜீன்கள் உண்டு. லீபர் நோய்க்குக் காரணம் அதிலுள்ள பிழை என்று 1988-ல் அமெரிக்காவின் டக்ளஸ் வாலஸ் குழு கண்டறிந்தது.

இந்த ஜீன்கள் தாயிடமிருந்து மட்டுமே வரும். நமக்குப் புரிகிற உதாரணம் நெல்தான். 1998-ல் ஆடுதுறையில் ஒட்டுநெல் ரகம் வெளியிட்டார்களே, அந்த மாதிரி விதை உற்பத்தியில் பெண் வரிசைப் பயிர் மலடு. பிழை அதன் மைட்டோகாண்ட்ரியாவில். அந்த வரிசையைப் பெருக்க, பருவந்தோறும் அதன் ஜோடி ரகத்தின் மகரந்தத்தைச் சேர்ப்பார்கள். ஆனாலும் மலடு மாறாது. மகரந்தம் மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டுவருவதில்லை.

அப்படியானால், ஊரார் பயப்படுகிற மாமா மகளுக்கு இந்தப் பிழை அவர் வழியாக வராது. அம்மா வயிற்றில் பிறந்த அக்காவுக்கும் எனக்கும்தான் வந்திருக்கும். என் பிள்ளைக்குப் போகாது. அக்கா பிள்ளைக்குப் போகும். பிழை இருக்கிற எல்லாருக்கும் பார்வை போவதில்லை. போனால் ஆண்களுக்கே அதிகம். 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்பதும் இந்த நோய்க்குப் பொருந்தாது. தாய் தகப்பன் இருவர் ஜீனாலும் வரும் வேறு மைட்டோகாண்ட்ரியா நோய்களுக்குத்தான் அது பொருந்தும்.

சரி, இப்படிப்பட்ட பெண்களுக்கு என்ன வழி?

ஒன்று, கருவைச் சோதிப்பது. சோதனைக்குழாய்க் கருவைப் பதிக்கும் முன்பே பார்க்கலாம். 11 வாரத்துக்கு மேல் நஞ்சுத் திசுவிலும் பார்க்கலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயைப் பார்க்கலாம், ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது. நல்லதும் பழுதும் கலந்திருந்தால்தான் இது உதவும். லீபர் குடும்பங்கள் பலவற்றில் அத்தனையும் பழுதுதான்; பொறுக்கி எடுக்க ஒன்றும் இராது.

இரண்டு, கருமுட்டை தானம். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறது. கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான். தாய்வழி உறவில் வாங்கினால் அதே பிழைதான் வரும், ஜாக்கிரதை!

மூன்று, மைட்டோகாண்ட்ரியா தானம். தாய் தகப்பனின் உட்கருவை, இன்னொரு பெண்ணின் உட்கரு நீக்கிய முட்டைக்கு மாற்றுவது. எஞ்சின் பிளாக்கை மாற்றுகிற மாதிரி! பிரிட்டன் 2015-ல் சட்டம் செய்தது. நியூகாசிலில் இம்முறையில் 8 குழந்தைகள் பிறந்ததை 2025 ஜூலையில் அறிவித்தார்கள். ஐந்து பேரிடம் பழுது தென்படவில்லை. மூன்று பேரிடம் 5 முதல் 16 சதவீதம் வரை இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் இங்கே எளிதாகப் போய்ப் பெறக்கூடிய சிகிச்சை அல்ல இது.

நான்கு, தத்து. ஐந்து, விவரம் தெரிந்தே இயல்பாகப் பெற்றுக்கொள்வது. அதுவும் ஒரு முடிவுதான்.

நண்பர்களே, அம்மாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, மரபியல் மருத்துவரிடம் ஒரு ஆலோசனை, இரண்டும் கல்யாணத்துக்கு முன்னால் முடியட்டும். வரன் வீட்டில் மறைக்கவும் வேண்டாம், பெண்ணைப் பழிக்கவும் வேண்டாம். பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் இதையும் உட்கார்ந்து பேசலாம். எந்த வழி என்பதை என் அக்காதான் சொல்லவேண்டும்.