சார்ஜரின் ஆயுள் சுவருக்குள் இருக்கிறது

போன சித்திரையில் ஒரு விடியற்காலை. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. இரவு முழுக்க மின்சாரக் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டு பிளக்கை உருவினேன். மூன்று பித்தளைக் கம்பிகளில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது. சுவரில் அந்தத் துளையைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்பு வட்டம். காருக்கும் சார்ஜருக்கும் ஒன்றுமில்லை. வெந்துபோனது, வாஷிங் மெஷினுக்காக என்றோ போட்ட பவர் பிளக் பாயின்ட்.

"சார்ஜர் எத்தனை வருஷம் வரும்?" மின்சார வண்டி வாங்கும் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆனால் சுவரில் மாட்டும் பெட்டிக்கு வேலை குறைவு. ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. எர்த் சரியா என்று பார்த்து, காரோடு பேசி, மின்சாரத்தைத் திறந்து மூடுவதுதான் பெட்டியின் பொறுப்பு. காரில் செருகும் கன்னும் உழைக்கும்: 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தரநிலை. நாளுக்கு ஒருமுறை என்றால் 27 ஆண்டு!

அப்படியானால் எது கெடுகிறது?

இடைவிடாத சூடு

அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தானே அணையும். கீசர் கால் மணி நேரம் ஓடும். காரோ, 30 யூனிட் பேட்டரியை நிரப்ப, ஏறக்குறைய 15 ஆம்பியரை ஒன்பது, பத்து மணி நேரம் ஓயாமல் இழுக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. தளர்ந்த பிளக்கில் வெறும் 0.1 ஓம் மின்தடை இருந்தாலும் 22 வாட்டுக்கு மேல் வெப்பம். அதாவது, சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்னை விடிய விடிய எரியவிட்ட மாதிரி. 3 ஆம்பியர் எடுக்கும் ஸ்கூட்டருக்கு அதே பிளக்கில் 1 வாட்கூட வராது. "ஸ்கூட்டருக்குத் தாங்கியதே" என்று நம்பிவிடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

உப்பும் வெள்ளமும்

கடலோர ஊர்களில் உப்புக்காற்று செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏற்றும், மின்தடை கூடும். பெட்டியில் ஐபி 54 என்றிருந்தால் சாரலைத் தாங்கும். ஐபி 65 என்றால் பீய்ச்சும் நீரையும் தாங்கும். இரண்டுமே மூழ்கினால் தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையின் கார் நிறுத்தங்களைக் குளமாக்கியதை மறக்கவில்லையே? உங்கள் தெருவில் வெள்ளம் தொட்ட உயரத்துக்கு மேலே பெட்டியை மாட்டுங்கள். நனைந்த பெட்டியை, காய்ந்துவிட்டது என்று நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள்.

எர்த் குழியும் வறளும். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் வீணல்ல. ஈர மண்ணில்தான் எர்த் நன்றாகப் பிடிக்கும். எர்த் இல்லை என்று சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டினால், நியூட்ரலை எர்த்தோடு இணைத்துச் சமாளிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் பாயும்.

செய்ய வேண்டியவை

மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன்: 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 32 ஆம்பியர் பெட்டிக்கு 6. கூடவே தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டக்கென விழ வேண்டும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஸ்குரூக்கள் தளரும். வருடம் ஒருமுறை எலெக்ட்ரீஷியனை வைத்து முறுக்கச் சொல்லுங்கள். கேபிளைத் தரையில் போட்டு அதன்மேல் காரை ஏற்றாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது தனி லைன். ஆனாலும் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். வெதுவெதுப்பு என்றால் தூங்கலாம். கையை இழுத்துக்கொள்ளும்படி சுட்டால், அன்றைக்குச் சார்ஜ் கிடையாது.