நெருப்பில்லாமல் சூடாகும் வீடு

கல்வராயன் மலையிலிருந்து மார்கழியில் இறங்கும் ஊதக்காற்று இருக்கிறதே, அது சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையையும் விட்டு வைக்காது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தது அப்படி ஒரு மார்கழியில்தான். குழந்தைக்கு இருபது நாள்.

"பச்சை உடம்பு, குளிர் பட்டா ஜன்னி கண்டுடும்" என்று பெரியவர்கள் பயமுறுத்தினார்கள். நான் ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினேன். கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்தேன். மண்சட்டி நிறையக் கரியைக் கனிய வைத்து அறை மூலையில் வைத்தேன். துளி புகை இல்லை, இதமான சூடு. எனக்கு ஒரே பெருமை!

அரை மணி கழிந்திருக்கும். "அம்மா, தலை விண்ணு விண்ணுனு வலிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள் மகள். பிரசவ அசதி என்று நினைத்து சுக்குக் கஷாயம் போடப் போனேன். நல்ல வேளை, குழந்தையைப் பார்க்க என் தம்பி வந்தான். ராணுவத்தில் இருப்பவன், லீவில் வந்திருந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன், குழந்தையை வாரிக்கொண்டு திண்ணைக்கு ஓடினான். மகளையும் வெளியே கொண்டுவந்தோம். உடனே டாக்டரிடம் போனோம். இருவரும் பிழைத்தார்கள்.

"ஏன்க்கா, மூடின அறைக்குள்ள கரி நெருப்பு வைப்பாங்களா? லடாக்ல எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கற முதல் பாடமே அதுதான்" என்றான் தம்பி.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் அது சேர்ந்து, ரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, பிறகு மயக்கம். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவதும் உண்டு. புகை இல்லையே என்று நான் நிம்மதியாக இருந்தது எவ்வளவு பெரிய பேதமை!

"அப்போ பனி கொட்டற ஊர்ல ஜனங்க எப்படிடா பிள்ளை பெத்து வளர்க்கறாங்க?" என்று கேட்டேன். அவன் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்தில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை போவதுண்டு. ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. அந்த வெயிலை நம்பித்தான் அங்கே வீடு கட்டுகிறார்கள். வெயிலில் காய்ந்த மண்கல்லில் கனத்த சுவர். பாப்ளர் மரத்தில் உத்தரம், அதன்மேல் வில்லோ குச்சிகள், அதற்கும் மேலே மண். பெரிய ஜன்னல்கள் தெற்கே. வடக்கே ஜன்னல் குறைவு. பழைய வீடுகளில் கீழ்த்தளத்தில் ஆடுமாடுகள் இருக்கும். அவற்றின் உடம்புச் சூடு மேலே ஏறி மனிதருக்கு உதவும்.

இந்தப் பழைய அறிவைப் புது முறையில் வளர்த்தவர்கள் 'செக்மால்' என்ற அமைப்பினர். சோனம் வாங்சுக் முதலானோர் 1988-இல் தொடங்கியது. லேக்கு அருகே ஃபே கிராமத்தில் அவர்களுடைய பள்ளி வளாகம் இருக்கிறது. மண்ணை இடித்துக் கெட்டித்த சுவர்கள், தெற்கே கண்ணாடி. குளிர்காலத்தில் தென்புறச் சுவரை ஒட்டி பிளாஸ்டிக் தாளால் ஒரு பந்தல். கோடையில் அதைக் கழற்றி விடுவார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி இருக்கும்போது, உள்ளே அடுப்பு இல்லாமலே சுமார் 15 டிகிரி சூடு நிற்கிறது! அந்தக் கட்டடத்துக்கு 2016-இல் பிரான்சில் சர்வதேச டெரா விருது கிடைத்தது. 2021-இல் ராணுவ வீரர்களுக்காகவும் வெயிலால் சூடாகும் கூடாரம் ஒன்றை வாங்சுக் செய்து காட்டினார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கல்சட்டியில் வைத்த குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் தளதளவென்று கொதிக்கிறதல்லவா? கனத்த மண்சுவரும் அப்படித்தான். பகலெல்லாம் மெல்ல மெல்லச் சூட்டை வாங்கி, இரவில் மெல்ல மெல்லக் கொடுக்கும். கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே போகவிடாமல் பிடிக்கும். சுவரிலும் கூரையிலும் வைக்கும் வைக்கோலும் மரத்தூளும் கம்பளி போர்த்திய மாதிரி.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கும் புதிதல்ல. கல்வராயன் மலையில் மலையாளி இனத்தார் கட்டிய பழைய வீடுகளும் மண்சுவரும் புல்கூரையும்தான். என்ன ஒன்று, லேயில் மழை மிகக் குறைவு. நம் பக்கம் மண்சுவருக்குக் கல் அஸ்திவாரமும், சாரல் படாத நீண்ட தாழ்வாரமும் அவசியம்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் தெரியுமா? மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. ஆகவே பிள்ளை பெற்றவளுக்குத் தெற்கு ஜன்னல் உள்ள அறை. காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுவோம். நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, கனத்த திரையை இழுத்து விடுவோம். ஆனால் காற்று வர மேலே ஒரு சந்து திறந்தே இருக்கும். வெறும் சிமெண்டுத் தரையில் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம்.

குழந்தைக்குத் தாயின் மார்புச் சூட்டைவிட நல்ல கணப்பு கிடையாது. வெற்றுடம்போடு மார்பில் அணைத்து, மேலே துணி போர்த்தினால் போதும். அதன் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் உடனே அணைத்துச் சூடு கொடுங்கள். வயிறும் சில்லென்றிருந்தால் தாமதிக்காமல் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூடிய அறையில் யாருக்காவது தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால், முதலில் எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 108-க்குச் சொல்லுங்கள். கஷாயம் போடப் போகாதீர்கள்!

அந்த மண்சட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. தெற்கு ஜன்னல் ஓரம் துளசி வைத்திருக்கிறேன் அதில். பேத்தி தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள்.