அலுமாரியில் உறங்கும் நூல்கள்

வெஸ்ட் ஈலிங்கிலும் அதன் அயலிலும் வாழும் சைவ மக்களின் இல்லங்களுக்குச் செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுவாமி அறைக்குப் பக்கத்திலோ வரவேற்பறை மூலையிலோ ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். தேவாரத் திரட்டு, கந்தபுராண வசனம், திருக்குறள் உரை, கல்கியின் பொன்னியின் செல்வன், பிள்ளைகளின் பழைய தமிழ்ப் பாடநூல்கள் என்று ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும், உடுப்பைக் குறைத்து நூலைக் கூட்டி, பெட்டியின் நிறை பார்த்துக் கொண்டுவரப்பட்டவை அவை. கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டால் "எங்கே நேரம்?" என்பதே விடை. நேரம் எங்கே போகிறது என்பதைக் கைத்தொலைபேசியே வாரந்தோறும் கணக்கெழுதிக் காட்டுகிறது. அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் பலருக்குத் துணிவில்லை.

இது எம்மவருக்கு மட்டும் வந்த குறையன்று. 'தி ரீடிங் ஏஜென்சி' என்னும் அமைப்பு 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரித்தானியாவில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 35 பேர் முன்பு வாசித்துப் பின்பு கைவிட்டவர்கள். 8 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுள் ஓய்வு நேரத்தில் வாசிப்பதை விரும்புவோர் மூன்றில் ஒருவரே என்று 'நஷனல் லிட்டரசி டிரஸ்ட்' 2025 இல் அறிவித்தது. 2005 இல் அவர்கள் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பின் இவ்வளவு குறைந்ததில்லை.

எனினும் யாழ்ப்பாணத்து வழிவந்தவர்களுக்கு இதில் தனியான ஒரு வேதனை உண்டு. கே. எம். செல்லப்பா என்பவர் 1933 இல் தமது வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. 1981 யூன் தொடக்கத்தில் அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். அந்த நெருப்பைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த சமூகம் இது. எரிக்கப்பட்ட நூல்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் எரியாமல் இருக்கும் நூல்களைத் திறவாதிருப்பது சற்று வெட்கத்துக்குரியதே.

வெட்கப்படுவதால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. முன்னோர் எப்படி வாசித்தார்கள் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் எம்மைவிட மனவுறுதி மிக்கவர்கள் என்று கொள்வதற்கில்லை. அவர்களுக்கு வாசிப்பதற்கென்று ஓர் இடமும், நேரமும், கூட்டமும் இருந்தன. கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும். ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். சபையிலிருப்போருள் எழுத்தறியாதவரும் இருப்பர். வாசிப்பவர் ஒரு சீரைத் தவறவிட்டால் திருத்துகிற கிழவரும் இருப்பர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இதனைக் 'கந்தபுராண கலாசாரம்' என்றே பெயரிட்டு அழைத்தார். கோயிலுக்கு வெளியே ஊர்தோறும் வாசிகசாலை இருந்தது. மாலையில் ஈழநாடும் வீரகேசரியும் தினகரனும் தாள் தாளாகப் பிரிந்து கை மாறும். ஒருவர் உரக்க வாசிக்க, நால்வர் கேட்டு, ஆறு பேர் வாதாடுவர். தனியே ஓர் அறையில் வாய்மூடி இருந்து தொடர்ந்து நூறு பக்கம் படிப்பதுதான் வாசிப்பு என்ற எண்ணம் பின்னர் வந்தது. இன்று அப்படிப் படிக்க முடியவில்லையே என்று மனம் சலிப்பவர்கள் இதையும் நினைவிற் கொள்ளலாம்.

புலம்பெயர்ந்தோரிடம் அந்த இடமும் கூட்டமும் இல்லாமற் போயின. ஊரைப் பற்றிய ஏக்கம் மட்டும் எஞ்சியது. போர்க்காலத்தில் ஊரில் என்ன நடந்தது, யார் இருக்கிறார், யார் இல்லை என்று மணிக்கு மணி செய்தி பார்ப்பது அவசியமாயிருந்தது. 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் அப்படிப் பாராதிருந்த தமிழ் வீடு இலண்டனில் அரிது. போர் ஓய்ந்தது, பார்க்கும் கை ஓயவில்லை. அதே 2009 இல்தான் வட்ஸ்அப்பும் வந்தது. காலை எழுந்ததும் மரண அறிவித்தல்களைப் பார்த்துவிட்டுத்தான் பல்துலக்குவோர் எம்மிடையே உண்டு என்பதைச் சொன்னால் எவரும் கோபிக்கமாட்டார்கள்.

இப்பழக்கம் எப்படிப் பிடிக்கிறது என்பது மருத்துவ உலகுக்குப் புதிதன்று. பி. எஃப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தவறாது தானியம் பெற்ற புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே பெற்ற புறாவே விடாமற் கொத்தியது. முகநூலும் ரிக்ரொக்கும் அவ்வாறே. பத்துப் பதிவுகளில் ஒன்று நன்றாயிருக்கும். அது எது என்று தெரியாததால் விரல் தள்ளிக்கொண்டே போகும். நூலுக்குப் பக்க முடிவு உண்டு, அத்தியாய முடிவு உண்டு. கைத்தொலைபேசித் திரைக்கு அடி இல்லை. முடிவின்றித் தொடரும் இந்த அமைப்பை 2006 இல் வடிவமைத்தவராகிய அசா ரஸ்கின் பின்னாளில் அதற்காக வருந்தினார். கலிபோர்னியாப் பேராசிரியர் குளோரியா மார்க் 2004 இல் அளந்தபோது, கணினித்திரையில் ஒரு விடயத்தில் மனம் நிற்கும் நேரம் சராசரி இரண்டரை நிமிடம். பின்னைய ஆண்டுகளில் அது 47 செக்கனாகக் குறைந்தது.

இழந்ததை மீட்கலாமா என்றால், மீட்கலாம். வாசிக்கும் மூளையைப் பற்றியே ஆராய்ச்சி செய்பவர் மரியன் வூல்ஃப் என்னும் அமெரிக்கப் பேராசிரியை. இளமையில் தாம் மிக விரும்பிய ஹெர்மன் ஹெசேயின் நாவல் ஒன்றை மீண்டும் எடுத்தபோது தம்மால் வாசிக்க முடியவில்லை என்று 2018 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். வசனங்கள் நீண்டன, மனம் ஓடியது. நூலை அலுமாரியிற் திரும்ப வைத்துவிட்டார். பின்னர் நாளுக்கு 20 நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டு முயன்றார். இரண்டு வாரத்தில் பழைய நிதானம் ஏறத்தாழத் திரும்பியது. வாசிப்பைப் பற்றி அவ்வளவு அறிந்தவருக்கே இக்கதி என்றால் மற்றவர்கள் தங்களைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

இருபது நிமிடம் என்பது வெஸ்ட் ஈலிங்கில் எலிசபெத் புகையிரதத்தில் ஏறி ரொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்க எடுக்கும் நேரம். பையில் ஒரு சிறிய நூல் இருந்தாற் போதும். வீட்டில் வாசிப்போர் கைத்தொலைபேசியை மற்ற அறையில் வைப்பது நல்லது. மேசையிற் கவிழ்த்து வைப்பது போதாது. படுக்கைக்குப் போகும் நேரத்துக்கு அச்சு நூலே உகந்தது. ஒளிவீசும் திரையில் வாசித்தவர்களுக்கு உறக்கம் பிந்தியதை 2015 இல் வெளியான ஹார்வார்ட் ஆய்வு காட்டியது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 12 பேரே ஆயினும், அனுபவமும் அதற்கு மாறாக இல்லை.

வயது வந்தோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசிப்பில் மனம் செல்லவில்லை என்பவர்களிற் பலருக்கு மனத்திற் குறையில்லை, கண்ணிற்தான் குறை. நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். வெண்புரை மெல்ல வளரும். எம்மவரிடையே மிகுந்திருக்கும் நீரிழிவு விழித்திரையைத் தாக்கும். கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெருப்பிக்கலாம். பழைய சைவ நூல்களின் பொடி எழுத்தைப் பெருப்பிக்க முடியாது. ஆதலால் கை தானே தொலைபேசியை நாடுகிறது. இங்கிலாந்தில் 60 வயதானோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் கண் பரிசோதனை இலவசம். நீரிழிவு உள்ளோருக்கு வரும் விழித்திரைப் பரிசோதனைக் கடிதத்தை ஒதுக்கிவைக்கலாகாது. துணையை இழந்தபின், அல்லது நீண்டகாலத் துயரின்பின், ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியாதிருப்பவர்களும் உண்டு. அது சோம்பலன்று, குடும்ப வைத்தியரிடம் சொல்லவேண்டிய குறி.

தனியே தொடங்க இயலாதவர்களுக்கு முன்னோரின் வழி திறந்தே இருக்கிறது. பெருங்கதை விரதத்தின் 21 நாளும் பிள்ளையார் கதை படிக்கும் வழக்கம் வீட்டுக்கு எட்டிய எளிய படனம். பேரப்பிள்ளை எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசிக்க, அப்பம்மா அடுத்த வரியைத் தொடரலாம். பிள்ளை தடுக்கி நின்றால் உடனே சிரிக்கக் கூடாது. தமிழை விட்டு ஓடும் பிள்ளைகளிற் பாதிப்பேர் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே ஓடுகிறார்கள்.

நூல் இல்லையே என்ற குறைக்கும் இன்று இடமில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நூலகம் என்னும் திட்டம் 2005 முதல் தொண்டர்களைக் கொண்டு சேர்த்து, எவரும் காசின்றி வாசிக்க வைத்துள்ளது. இத்தனையும் அதே கைத்தொலைபேசிக்குள்தான் கிடக்கின்றன.

கந்தபுராணத்திற் செய்யுள்கள் 10,345. நாளுக்குப் பத்தாக ஒரு வீட்டார் படித்துவந்தால் இரண்டு ஆண்டும் பத்து மாதமும் செல்லும். கந்தசட்டியன்று தொடங்கினால், மூன்றாவது ஆவணியில் முடிந்துவிடும்.